சான் பிரான்சிஸ்கோவில் அரியாங்குப்பம் பாலம்

"சான் பிரான்சிஸ்கோ?"

"அரியாங்குப்பம் பாலம்."

"சியாட்டில்?"

"கருவடிக்குப்பம் தண்ணி டேங்க்."

"பிலடெல்பியா?"

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு முகம் மலர்ந்தது.

"எங்க பூஜை ரூம்பு மணி."

"த்ரே பியாங்," என்றார் பிரான்சுவா சொல்தா. ரொம்ப நன்று என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு முன்னால், சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் கையில் நான் துணி அளக்க வைத்திருந்த மரஸ்கேல். மாணவர் தரையில் சம்மணம் போட்டு, மடியில் நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளிக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் பாடம் என்றார்கள். காதை மட்டும் கொடுத்தேன்.

மாணவர் பெயர் தண்டபாணி. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குத் தாலி கட்டியவர். வாத்தியார் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பாண்டிச்சேரியில் சொல்தா என்போம். இவருக்குப் பெயர் பிரெஞ்சு, பாஸ்போர்ட் பிரெஞ்சு, பென்ஷன் பிரெஞ்சு. மீன் குழம்பு மட்டும்தான் தமிழ். அதிலும் காரம் குறைவு.

இரண்டு கிழவர்கள் எதற்காக அமெரிக்க ஊர்களை இப்படி உருப்போட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் மலர் சிகாகோவில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம் முடியப் போகிற சமயம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் அவளை விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் தாய்வீடுதான் கிளம்பிப் போக வேண்டும். தாய்வீட்டுக்கு விசா வேண்டும். சென்னையில் நேர்காணலுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பதினோரு நாள் இருந்தது.

இதற்கு முன் அவளுக்கு இரண்டு தடவை தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம், இரண்டாவது ஐந்தாம் மாதம். இரண்டு முறையும் "நீ வர வேணாம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று போனில் சொன்னாள். பொய் என்று தெரிந்தும் நான் இங்கே அடுப்படியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மூன்றாவது தடவையும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன்.

சொல்தா இந்த விஷயத்தைக் கேள்விப்பட்ட அன்றே ஸ்கேலை எடுத்துவிட்டார்.

"டெலிவரிக்குப் போறோம்னு வாயத் தொறந்துடாத தங்கச்சி. சமைச்சிப் போடறதுக்கு ஆள் கூட்டிட்டு வராங்க, அது வேலை, பெர்மிட் எங்கன்னு விசா ஆபீசர் கேப்பான். டூரிஸ்ட்டுன்னு சொல்லு. ஊர் பாக்க வரோம்னு சொல்லு."

"எந்த ஊருன்னு கேட்டா?"

"அதான் கேப்பான். டக்கு டக்குனு சொல்லணும். எந்த ஊருல இன்னா இருக்குன்னு. முழிச்சின்னா போச்சு."

எங்கள் தெருவில் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதனால் கேட்டுக்கொண்டோம். அப்போதே அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் குறை கண்டுபிடித்தே சோறு தின்ற எனக்கு அது தோன்றவில்லை.

சட்டைகளுக்கு விசா தேவையில்லை

போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி காண்டீன் சாம்பாரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு எதுவுமே பிடிக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிடிக்கும் ஐயா. ஆனால் என் வேலை அப்படி.

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் நான் செக்கராக இருந்தேன். தைத்து முடித்த சட்டை என் மேஜைக்கு வரும். பட்டனை இழுத்துப் பார்ப்பேன், காலர் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று மடித்துப் பார்ப்பேன், நூல் தொங்கினால் தூக்கிப் போடுவேன். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு. அந்த ஊர் ஆண்களின் வயிறு எவ்வளவு என்பது அவர்களுடைய டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு முறை பனியன் சரக்கு வந்தது. நெஞ்சில் ஒரு அம்மாள் கையில் பந்தத்தோடு நிற்கிற படம். முகமெல்லாம் பச்சை. மை சரியாக ஏறவில்லை, பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு லாட் முழுவதையும் ரிஜெக்ட் செய்து மூலையில் குவித்துவிட்டேன். மேனேஜர் சாப்பாட்டுக் கையைக் கழுவாமல் ஓடி வந்தார்.

"ஏம்மா, அது நியூயார்க் சுதந்திர தேவி சிலைம்மா. அவங்க பச்சையாத்தான் இருப்பாங்க."

"மனுஷி எப்படி சார் பச்சையா இருப்பா?"

"செம்புச் சிலை. களிம்பு ஏறிப் பச்சையாயிடுச்சி."

"களிம்பு ஏறினா புளி போட்டு வெளக்க மாட்டாங்களா?"

அந்த லாட் கப்பல் ஏறியது. நான் பட்டன் பார்த்து அனுப்பிய சட்டைகள் எத்தனை ஆயிரமோ. ஒன்றிடமும் யாரும் நீ எதற்கு வருகிறாய் என்று கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்.

கவிழ்த்து வைத்த அண்டா

என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் ஒட்டாது. மளிகைக்கு அனுப்பினால் மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு வருவார். முதல் இரண்டு நாள் சொல்தா ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்ல, இவர் "கோல்டன் ஆர்ச், செயின்ட் பிரான்சிஸ்கோ" என்று எல்லாவற்றையும் கலந்து கட்டினார்.

மூன்றாம் நாள் சொல்தா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டாளத்தில் வரைபடம் படிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது, தெரியாத இடத்தைத் தெரிந்த இடத்தோடு முடிச்சுப் போடச் சொல்வார்களாம். அமெரிக்கா முழுவதையும் பாண்டிச்சேரிக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

சான் பிரான்சிஸ்கோவில் செக்கச் சிவந்த ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. பாலம் என்றால் அரியாங்குப்பம் பாலம். சியாட்டிலில் உயரமான ஒரு கோபுரம், உச்சியில் தட்டு மாதிரி அகலம். அது கருவடிக்குப்பம் தண்ணீர் டேங்க். பிலடெல்பியாவில் விரிசல் விட்ட பெரிய மணி. எங்கள் பூஜை அறை மணி நான் துடைக்கும்போது கீழே விழுந்து விரிசல் விட்டது, அதுவே இது. லாஸ் ஏஞ்சலிஸில் மலைமேல் வரிசையாக வெள்ளை எழுத்துகள். பாண்டியில் மலைக்கு எங்கே போவது? பீச்சில் செல்ஃபி எடுப்பதற்கென்று நட்டு வைத்திருக்கிற எழுத்துகளை வைத்துக்கொண்டார்.

செயின்ட் லூயிஸில் வானத்துக்கு வளைந்த பெரிய எஃகு வளைவு, மேற்கே போகிறவர்களுக்கு வாசல். "நம்ம ஊருக்கு வாசல் எது?" என்று கேட்டார். "கனகசெட்டிக்குளம்," என்றார் என் வீட்டுக்காரர் யோசிக்காமல். சென்னையிலிருந்து வருகிற பஸ்ஸில் தூங்குகிறவன்கூட அந்த எல்லையில் கண் விழிப்பான். சாராயக் கடைப் பலகைகள் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சிகாகோவுக்கு மட்டும் நான் வாயைத் திறந்தேன். அங்கே ஒரு பூங்காவில் பளபளவென்று மொச்சைக்கொட்டை வடிவத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் ஊரே தெரியும். மலர் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள்.

"நேரு வீதிப் பாத்திரக் கடையில எவர்சில்வர் அண்டாவக் கவுத்து வச்சிருப்பான் பாரு. அது," என்றேன்.

"தங்கச்சிக்கு மூளை இருக்கு," என்றார் சொல்தா. இருக்கிறது என்பதில் அவருக்கு ஆச்சரியம்.

இரண்டு ஊர்களுக்கு மட்டும் பாண்டி உவமை வைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். ஒன்று நியூயார்க்.

"அந்தச் சிலை அமெரிக்காக்காரனுதா? எங்களுது. பிரான்ஸ் செஞ்சி, பொட்டியில வச்சி, கப்பல்ல அனுப்பிச்சது. ஓசியில குடுத்தோம்."

"அப்பவே புளி போட்டு வெளக்கிக் குடுத்திருக்கலாம்," என்றேன். என் பக்கம் திரும்பவில்லை.

இன்னொன்று நியூ ஆர்லியன்ஸ். அங்கே பிரெஞ்சுத் தெருக்கள், இரும்புக் கிராதி வைத்த மாடிகள், உவமையே வேண்டாம், நம் ஊர் துய்மா வீதியேதான் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கியது.

"அதுவும் எங்களுதுதான். இருநூறு வருஷம் முன்னாடி அமெரிக்காக்காரனுக்கு வித்துட்டான் தங்கச்சி. சல்லிசா வித்துட்டான்."

போன மாதம் பக்கத்து மனையை யாரோ குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டது போன்ற வருத்தம். அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

என் வீட்டுக்காரருக்கு இந்த முறை நன்றாகப் பிடித்துவிட்டது. ஆனால் லைன்மேன் புத்தி போகுமா? "அந்த சியாட்டில் கோபுரத்து உச்சியில செகப்பு லைட்டு இருக்கா முசியே? அந்த பல்ப எவன் ஏறி மாத்தறான்?" என்பார். முசியே என்றால் ஐயா. "அந்த மாதிரிக் கேள்விய நீ கேக்கக் கூடாது, அவன்தான் கேப்பான்," என்று சொல்தா ஸ்கேலால் நோட்டைத் தட்டுவார். இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழு போட்டோ

பாடத்துக்கு ஆதாரம் சொல்தாவின் ஆல்பம். சிகாகோ தவிர ஏழு ஊர், ஏழு படம். எல்லாவற்றிலும் அதே பழுப்புக் கோட்டு, அதே தொப்பி, பின்னால் ஊருக்கு ஒரு அடையாளம்.

சட்டை பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்காது. ஒரு நாள் அவர் காபி குடிக்கும்போது கேட்டேன்.

"ஏன் முசியே, எல்லாத்துலயும் நீங்க மட்டும்தான் இருக்கீங்க. யாரு எடுத்தது?"

"வழியில போறவங்க. மெர்சி சொல்லிட்டுப் போனைக் குடுத்தா எடுத்துக் குடுப்பாங்க."

"பையன் வரலியா?"

அவருடைய மகன் அங்கே ஏதோ பெரிய கம்பெனியில் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் அவர் போனார்.

"அவனுக்கு வேலை ஜாஸ்தி. ஏர்போர்ட்டுல வந்து அழைச்சிக்கிட்டான். அடுத்த நாளே டூர் பஸ்ல சீட்டு போட்டுக் குடுத்துட்டான். பதினெட்டு நாள். நல்ல பஸ். டாய்லட்டு உள்ளயே இருக்கு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் சர்க்கரை போதவில்லை என்றார். போட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நேர்காணல் நாளன்று காலை முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். போனை உள்ளே விடமாட்டார்கள் என்று எதிரே ஒரு கடையில் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றோம். என் வீட்டுக்காரர் புதுச் சட்டையில் விறைப்பாக நின்று வாய்க்குள்ளேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நான் அவர் காலரைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கால் அங்குலம் நீளம். என் டேபிளுக்கு வந்திருந்தால் அந்தச் சட்டை வெளியே போயிருக்காது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண். மலர் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"வணக்கம் ஐயா. வணக்கம் அம்மா. நீங்கள் எதற்காக அமெரிக்காவுக்குப் போகிறீர்கள்?"

எங்கள் தெருவில் யாரும் இவ்வளவு சுத்தமாகத் தமிழ் பேசமாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு இருந்ததும் போய்விட்டது. இங்கிலீஷில் கேட்பார்கள், மருமகன் சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தையில் பதில் சொல்லலாம் என்றுதான் அவர் தயாராகி வந்திருந்தார்.

"ஊர் பாக்கறதுக்கும்மா."

"நல்லது. எந்த இடங்களைப் பார்ப்பீர்கள்?"

அந்தக் கேள்வியேதான். பதினோரு நாள் காத்திருந்த கேள்வி. அவர் நிமிர்ந்தார்.

"சான் பிரான்சிஸ்கோவுல அரியாங்குப்பம் பாலம்."

அவள் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது.

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வண்டி இறக்கத்தில் உருள ஆரம்பித்துவிட்டது, நிற்கவில்லை.

"சியாட்டில்ல கருவடிக்குப்பம் தண்ணி டேங்க். செயின்ட் லூயிஸ்ல கனகசெட்டிக்குளம். சிகாகோவுல எவர்சில்வர் அண்டா."

"ஐயா."

"பிலடெல்பியாவுல எங்க வீட்டு மணி."

பக்கத்து ஜன்னலில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஐயா, அரியாங்குப்பம் பாலம் வழியாக நான் போயிருக்கிறேன்," என்றாள் அந்தப் பெண் நிதானமாக. "படகில் போவதற்கு. அது சான் பிரான்சிஸ்கோவில் இல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கால் நூற்றாண்டு மின்கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர், ஒரு கண்ணாடி முன்னால் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அவர்மேல் கோபம், சொல்தாமேல் கோபம், இந்தப் பொய்க்குக் காது கொடுத்த என்மேல் அதைவிடக் கோபம். நான் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தேன்.

"எங்களுக்கு ஊரு ஒண்ணும் பாக்க வேணாம்மா. எம்பொண்ணு முழுகாம இருக்கா, ஏழாவது மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. ரெண்டு தடவயும் நான் பக்கத்துல இல்ல. போனா சமைப்பேன், அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவேன், கொழந்தயக் குளிப்பாட்டுவேன். அது வேலைன்னு நீங்க சொன்னா வேலைதான். நான் பொய் சொல்லல."

"இதை ஏன் முதலில் சொல்லவில்லை? உங்கள் விண்ணப்பத்தில் மகளைப் பற்றி எழுதியிருக்கிறது."

"சொன்னா விசா குடுக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னார்கள்?"

"எதிர்வீட்டு சொல்தா."

"அவர் எத்தனை முறை இந்த நேர்காணலுக்கு வந்திருக்கிறார்?"

பதினோரு நாளுக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

"வந்ததில்லம்மா. அவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. விசா வேணாம்."

எங்கள் தெருவிலேயே விசா நேர்காணலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள அவசியமில்லாத ஒரே மனிதரிடம் போய் நாங்கள் பாடம் படித்திருக்கிறோம்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கீபோர்டைப் பார்த்தாள். சிரிக்கிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை. ஏதேதோ தட்டினாள். எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து ஓரத்தில் இருந்த தட்டில் போட்டாள்.

"பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கும். செய்தி வரும். உங்கள் மகளிடம் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில்

வெளியே வந்து போனை வாங்கியதும் என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம், சொல்தாவைக் கூப்பிட்டது. அதற்கும் அவரையா கேட்பது என்று யாராவது எங்களைத் தடுத்திருக்க வேண்டும்.

"பாஸ்போர்ட்ட கையில திருப்பிக் குடுத்தாங்களா?" என்றார் சொல்தா.

"இல்ல. வாங்கி வச்சிக்கிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"போச்சு பாணி. பட்டாளத்துல தப்பு பண்ணவனோட பாஸ்போர்ட்டத்தான் அதிகாரி வாங்கி வச்சிக்குவான். ஆள நம்பலன்னு அர்த்தம்."

அவர் சொன்னதை நம்பிவிட்டோம். ஒரு முறை சுட்ட பிறகும் அதே அடுப்பில் கை வைத்தோம் என்று இப்போது எழுதச் சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. மலரைக் கேட்க முடியாது. ஏழு மாதக் கர்ப்பிணியிடம் போய் எதைச் சொல்வது?

ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நான், பக்கத்தில் அவர். கட்டிக் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை இருவரும் தொடவில்லை. கடப்பாக்கம் தாண்டியது. பேசினால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னாலதான் செல்வி. நீ மட்டும் போயிருந்தா நேராச் சொல்லியிருப்ப."

"ஆமா. உங்களாலதான்."

"ஆமா."

"நானும்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அண்டான்னு சொன்னது நான்தான்."

பஸ் வேகம் குறைந்தது. வெளியே எல்லை, வரிசையாகச் சாராயக் கடைப் பலகைகள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, தான் சொல்கிறோம் என்பதே தெரியாமல் சொன்னார்.

"செயின்ட் லூயிஸ்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு அதுவே அழுகையாக மாறியது, எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. முத்தியால்பேட்டை வரும்வரை அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பத்து நான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

நாலு நாள்

அன்று சாயங்காலமே மலர் கூப்பிட்டாள்.

"எப்டிம்மா இருந்துச்சி?"

"நல்லா ஏ.சி. போட்டிருந்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஊரு பேரெல்லாம் கேட்டாங்க. அப்பா சொன்னாரு. செய்தி வரும்னு சொன்னாங்க."

பின்னால் என் வீட்டுக்காரர் "எல்லாம் போச்சு" என்று முனகியது அவள் காதில் விழுந்ததோ என்னவோ. பிறகு, "சரிம்மா, அங்க மழையா?" என்றாள். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "ஆமா, லேசா," என்றேன்.

அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். விசாவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கீரை சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா என்று மட்டும் பேசினோம். அவளுக்காக இடித்து வைத்த சுக்கு மருந்தை டப்பாவோடு பரணில் தூக்கிப் போட்டேன். பிறகு இறக்கினேன். மறுபடி ஏற்றினேன்.

சொல்தா தினமும் வந்தார். ஸ்கேல் இல்லாமல் வந்தார். முதல் நாள் பெரிய கடைத் தெருவிலிருந்து நீள ரொட்டி இரண்டு வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"நான் கோன்சுலாவுக்கு ஒரு லெத்தர் எழுதறேன் தங்கச்சி. இங்க இருக்கே, பிரெஞ்சு தூதரகம், அதுக்கு. அவங்க அமெரிக்காவுக்குச் சொல்வாங்க. அந்தச் சிலையே நாங்க குடுத்ததுதான்."

"முசியே, நீங்க ஒண்ணும் எழுத வேணாம். உக்காந்து சாப்டுங்க."

உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"நான் நாளைக்கே போலாம். யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டான். கூப்பிடத்தான் ஆளு இல்ல. உனக்குக் கூப்பிடுற பொண்ணு இருக்கா, நான் கெடுத்துட்டேன்."

அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. போனது எனக்கே எரிச்சலாக இருந்தது. மீன் குழம்பு ஊற்றினேன், காரம் குறைக்காமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். காரத்துக்குத்தான் என்றார்.

நாலாம் நாள் சாயங்காலம், தெருவிளக்கு போடுகிற நேரம், மலரிடமிருந்து போன். அங்கே காலை.

"அம்மா, உங்க மருமகனுக்கு மெயில் வந்திருக்கு. ஃபாரத்துல அவர் மெயில்தான போட்டிருக்கோம். உங்க பாஸ்போர்ட்டு ரெடியாம், வந்து வாங்கிக்கச் சொல்றாங்க."

"ஓ. திருப்பிக் குடுக்கறாங்களா. சரி, அப்பாவ அனுப்பறேன்."

"இரு. பாஸ்போர்ட்ட அன்னிக்கு அங்கயே விட்டுட்டா வந்தீங்க?"

"நாங்க எங்க விட்டோம். அந்தப் பொண்ணு வாங்கித் தட்டுல போட்டுக்கிச்சி. தரல."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மலர்?"

"அம்மா." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "விசா இல்லன்னா அன்னிக்கே கையில குடுத்து அனுப்பிடுவாங்கம்மா. வாங்கி வச்சிக்கிட்டாங்கன்னா விசா ஒட்டறதுக்கும்மா. உங்களுக்குக் குடுத்துட்டாங்கம்மா. அன்னிக்கே குடுத்துட்டாங்க."

நான் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டேன். கூடத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, எதிர்வீட்டைப் பார்த்து "முசியே" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார்.

"ஏன்மா அன்னிக்கே சொல்லல?"

"வயித்துல இருக்கறவ கிட்ட எப்டி சொல்றது? நீ ஏன் கேக்கல?"

"அப்பா குரல் கேட்டுச்சி. இல்லன்னு நெனச்சேன். கேட்டா நீ கஷ்டப்படுவன்னு கேக்கல."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அம்மா, நாலு நாளா அழுதுகிட்டா இருந்த?"

"நான் எதுக்கு அழப்போறேன். எனக்கு வேற வேலை இல்லியா? நீ?"

"நானும் இல்லம்மா."

சொல்லிவிட்டு நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். அந்தப் பக்கமும் அதே சத்தம் கேட்டது.